"சத்தம் போடுற வால்வு பிழைச்சுக்கும்... சத்தமே போடாததுதான் கருகும்!" - காசிமேட்டில் ஒரு படகு இன்ஜினுக்கு வைத்தியம்

"எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அது பேசட்டும்!"

இன்ஜின் ரூமுக்குள் குனிந்து இறங்கிய மெக்கானிக் அண்ணன் இப்படிச் சொன்னதும், மேல்தளத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் செல்போன் பாட்டை அணைத்தார். கீழே ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் உறுமத் தொடங்கியது. என் காதுக்கு அது வெறும் இரைச்சல். அண்ணன் மட்டும் தலையைச் சாய்த்து, நாடி பிடிக்கும் வைத்தியர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஜூன் மாதத்தின் முதல் வாரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். இந்த நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆனால், துறைமுகம் தூங்குவதில்லை. பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, வலையைச் சீர் செய்வது, இன்ஜினைத் திறப்பது என வருஷத்து வேலை எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும்.

நான் போயிருந்த படகுக்கு ஒரு பிரச்னை. தடைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, நடுக்கடலில் இழுவை போய்விட்டது. வலை கீழே இருக்கும்போது இன்ஜின் திணறியது, கரும்புகை தள்ளியது, கடைசியில் நின்றே விட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்துதான் கரை சேர்ந்தார்கள். பார்த்த ஒரு மெக்கானிக், "இன்ஜினை முழுசா பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்தச் செலவு லட்சக்கணக்கில் போகும். படகு உரிமையாளரின் மனைவி, அடகுக் கடைக்குப் போக நகையை எடுத்து வைத்துவிட்டார். போவதற்கு முன்பு இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்றுதான் இந்த அண்ணனை அழைத்திருக்கிறார்கள்.

"பேரு, போட்டோ எதுவும் வேணாம் தம்பி. வேலையைப் பத்தி மட்டும் எழுதுங்க, அது நாலு பேருக்கு உதவும்" என்றார் அண்ணன். 30 வருடங்களுக்கு மேல் படகு இன்ஜின்களோடு வாழ்கிறவர். அவர் சொன்னபடியே, அன்று நான் பார்த்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

குக்கர் விசில் வராவிட்டால் என்ன பார்ப்பீர்கள்?

முதலில் இன்ஜினுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்று கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானாகவே எரிகிறது. அந்த வெடிப்புதான் படகைத் தள்ளுகிறது.

காற்று உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியேற ஒரு கதவு. இவைதான் இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும். இந்தக் கதவுகளைச் சரியான நொடியில் திறந்து மூட ஒரு கூட்டமே வேலை செய்கிறது. கீழே சுற்றும் கேம் ஷாஃப்ட், அதன் மேடு டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு, சீசா பலகைபோல இருக்கும் ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 750 தடவை திறந்து மூடும். 10 மணி நேரம் ஓடினால் ஒரு வால்வுக்கு நாலரை லட்சம் தடவை! ஆறு சிலிண்டரில் இப்படி 12 வால்வுகள்.

கூடவே நின்ற உரிமையாளரின் மனைவியிடம் அண்ணன் கேட்டார். "ஏம்மா, குக்கர்ல விசில் வரலைன்னா நீ என்ன பண்ணுவ? அடுப்பை மாத்துவியா?"

"கேஸ்கட்டைப் பார்ப்பேன்ணே."

"அதேதான். மூடி சரியா உக்காரலைன்னா பிரஷர் நிக்காது. சிலிண்டருக்கு வால்வுதான் மூடி. இது சரியா உக்காரலைன்னா அழுத்தம் நிக்காது, அழுத்தம் இல்லைன்னா சூடு இல்ல, சூடு இல்லைன்னா டீசல் எரியாது. அதுக்காக இன்ஜினையே பிரிக்கணும்னு அவசியம் இல்ல."

ஸ்பானருக்கு முன்னாடி ஒரு நோட்டு

அண்ணன் முதலில் எடுத்தது ஸ்பானர் இல்லை, கேள்விகள். எப்போதிலிருந்து இழுவை குறைந்தது? காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டதா? புகை என்ன நிறம்? கடைசியாக யார், எதைத் தொட்டார்கள்?

கடைசிக் கேள்விக்கு உரிமையாளர் யோசித்தார். அவர் மனைவி யோசிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். டீசல், ஐஸ், அரிசி, மளிகை, ஆள்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அதில் இருக்கிறது. பிப்ரவரிப் பக்கத்தில் ஒரு வரி: 'மெக்கானிக் கூலி - டேப்பெட் சத்தம், டைட் பண்ணியது.'

அண்ணன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "அதுக்கப்புறம் சத்தம் எப்படி இருந்துச்சு?"

"சத்தமே இல்லண்ணே. பட்டு மாதிரி ஓடுச்சு" என்றார் உரிமையாளர்.

"அங்கதான் சிக்கல் ஆரம்பிச்சிருக்கணும். இருந்தாலும் சும்மா சொல்லக் கூடாது, பார்த்துடலாம்."

காது சொல்லும் முதல் பாடம்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினின் மேல் பக்கம் வைத்து, மரக் கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டார் அண்ணன். மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப் இதுதான். சுற்றுகிற பெல்ட், ஃபேன் பக்கம் சட்டையோ துண்டோ போகாமல் கவனமாக நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

சத்தத்தைப் பிரித்தறிய அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐடிலிங்கில் இன்ஜின் 600 சுற்று ஓடினால், கோளாறான ஒரு வால்விலிருந்து வரும் 'டிக்' சத்தம் நொடிக்கு 5 தடவை கேட்கும். கீழே கிராங்க் பேரிங் அடி வாங்கியிருந்தால் சத்தம் நொடிக்கு 10 தடவை, அதுவும் கனமாக 'டொக் டொக்' என்று வரும். மேலே மெல்லிசாக, மெதுவான தாளத்தில் வந்தால் வால்வு பக்கம். கீழே கனமாக, இரட்டிப்பு வேகத்தில் வந்தால் உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

'டிக் டிக்' எல்லாமே வால்வுதான் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. டீசல் இன்ஜெக்டரும் அதேபோலச் சத்தம் போடும். மேனிஃபோல்டு கேஸ்கட் வழியாகப் புகை கசிந்தாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். கசிவு இருந்தால் அந்த இடத்தில் கரிக்கோடு விழுந்திருக்கும்.

இந்த இன்ஜினில் 'டிக்' சத்தமே இல்லை. ஆனால், ஓட்டத்தில் ஒரு நொண்டல் இருந்தது. ஐந்து பேர் சரியாக நடக்க, ஆறாவது ஆள் காலை இழுத்துக்கொண்டு வருவதுபோல.

ஆறில் எது நோயாளி?

நொண்டுகிற சிலிண்டர் எது? அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிமையானது. இன்ஜின் ஓடும்போது, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது. நட்டைத் தளர்த்தியதும் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டராக இருந்தால் இன்ஜின் சத்தம் உடனே இறங்கும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டராக இருந்தால், எந்த மாற்றமும் இருக்காது.

முதல் சிலிண்டர், சத்தம் இறங்கியது. இரண்டு, மூன்று, அப்படியே. நான்காவது நட்டைத் தளர்த்தினார். இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை.

"கிடைச்சுட்டான்!"

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பைப்பில் வரும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் கொண்டது. துணி சுற்றி, கையுறையும் கண்ணாடியும் போட்டு, பழகியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். பழைய வகை பம்ப் உள்ள இன்ஜினுக்குத்தான் இந்த முறை. புதிய காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் இதைச் செய்யவே கூடாது.

நான்காவது சிலிண்டர் வேலை செய்யவில்லை, சரி. காரணம் டீசலா, வால்வா? அண்ணன் இன்ஜினை நிறுத்தி, நான்காவது இன்ஜெக்டரைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். மூன்றாவதில் இருந்ததை நான்காவதில் போட்டார். மறுபடி ஸ்டார்ட். கோளாறு இன்ஜெக்டரில் இருந்திருந்தால் நொண்டல் மூன்றாவதுக்கு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. நான்குதான் இன்னமும் நொண்டியது.

"இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல பாருங்க. புது இன்ஜெக்டர் வாங்கிப் போட்டுப் பார்க்குறதுக்கு முன்னாடி இதைத்தான் செய்யணும்."

கேஜ் நுழையவில்லை

இன்ஜின் ஆறியதும் மேல் கவரைக் கழற்றினார்கள். 12 வால்வு, 12 ராக்கர், 12 ஸ்பிரிங் வரிசையாகத் தெரிந்தன. அண்ணன் முதலில் எண்ணெயைப் பார்த்தார். எல்லா ராக்கரும் நனைந்திருக்கின்றனவா? ஏதாவது ஒன்று காய்ந்து நீலம் பாரித்திருந்தால், அதற்கு எண்ணெய் போகும் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு புஷ் ராடையும் விரலால் உருட்டிப் பார்த்தார். வளைந்திருந்தால் ஆடிக்கொண்டே உருளும். ராக்கர் நுனிகளையும் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன.

அடுத்துதான் ஃபீலர் கேஜ். விசிறிபோல விரியும் மெல்லிய எஃகு இதழ்கள். மூடிய நிலையில், ராக்கர் நுனிக்கும் வால்வின் தலைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். பல டீசல் இன்ஜின்களில் இது கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கம்பெனி கையேட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. சாதாரண ஏ4 தாள் ஒன்றின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால், மூன்று நான்கு தாள் நுழையும் இடைவெளி, அவ்வளவுதான்.

அண்ணன் நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்கு வந்தார். 0.40 இதழ், நுழையவில்லை. 0.30, இல்லை. 0.20, இல்லை. இருப்பதிலேயே மெல்லிய இதழை வைத்தார். அதுவும் நுழையவில்லை. மற்ற வால்வுகளிலும் இருக்க வேண்டியதைவிடக் குறைவான இடைவெளிதான் இருந்தது.

ஏன் இந்த இடைவெளி?

இடைவெளி இருந்தால் 'டிக்' சத்தம் வரும். அதை ஏன் வைக்கிறார்கள்?

சூட்டில் இரும்பு நீளும். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 200 டிகிரி கூடுதலாகச் சூடானால், கிட்டத்தட்ட 0.36 மில்லிமீட்டர் நீளும். இன்ஜின் சூடாகும்போது வால்வு இப்படி நீள்வதற்கு இடம் விட்டுத்தான் அந்த இடைவெளி. இடம் விடாமல் இறுக்கிவிட்டால், நீண்ட வால்வு ராக்கரில் முட்டிக்கொண்டு முழுதாக மூடாமல் நிற்கும்.

எக்ஸாஸ்ட் வால்வு எரிந்த புகையின் நடுவே நிற்கும் கதவு. அதன் தலை பல நூறு டிகிரி சூடாகும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு தன் சீட்டில் உட்காரும் அந்தச் சின்ன நேரத்தில்தான் ஹெட்டுக்குப் போய், அங்கிருந்து தண்ணீருக்குப் போகிறது. உட்காரவே இல்லை என்றால் ஆறவும் வழியில்லை. சந்து வழியாக நெருப்பு பாய்ந்து பாய்ந்து, வால்வின் ஓரம் கருகி அரிக்கப்பட்டுவிடும்.

"இதுல பெரிய ஏமாத்து என்ன தெரியுமா? கேம், டேப்பெட், ராக்கர் தேஞ்சா இடைவெளி கூடும், சத்தம் வரும், நமக்குத் தெரியும். வால்வும் சீட்டும் தேஞ்சா வால்வு மேல ஏறி இடைவெளி குறையும். சத்தம் இன்னும் குறையும். நாம 'ஆஹா, இன்ஜின் நல்லா ஓடுது'ன்னு நெனப்போம். சத்தம் போடுற வால்வு பிழைச்சுக்கும் தம்பி. சத்தமே போடாததுதான் கருகும்."

பிப்ரவரியில் நடந்தது இப்போது புரிந்தது. 'சத்தம் வருது, நிறுத்துங்க' என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். வந்தவர் கேஜ் வைக்காமல், சத்தம் அடங்கும்வரை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"அவரைத் திட்டாதீங்க. நாம என்ன கேட்டோமோ அதைச் செஞ்சிருக்காரு. சத்தத்தை நிறுத்துன்னு கேட்கக் கூடாது. அளவை வைன்னு கேட்கணும்."

காற்று சொல்லும் நான்கு பதில்கள்

அண்ணன் நான்காவது வால்வின் இடைவெளியைச் சரியான அளவுக்குத் தளர்த்தி வைத்தார். வெறுமனே இறுகியிருந்தது மட்டும் என்றால் இதோடு குணமாகிவிடும். கருகிவிட்டதா என்று தெரிய, இன்னொரு சோதனை.

நான்காவது பிஸ்டனை மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொண்டார்கள். இன்ஜெக்டர் துளை வழியாக கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டார்கள். எல்லாக் கதவும் சரியாக மூடியிருந்தால் காற்று உள்ளேயே நிற்கும். கசிந்தால், எந்த வழியாக வருகிறது என்பதுதான் பதில்.

* ஏர் ஃபில்டர் பக்கம் 'உஸ்ஸ்' என்றால் இன்லெட் வால்வு.
* புகைக் குழாயில் 'உஸ்ஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு.
* ஆயில் ஊற்றும் வாயில் காற்று பலமாக வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது லைனர்.
* கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல்.

ஆளுக்கொரு இடத்தில் காதை வைத்து நின்றோம். ஏர் ஃபில்டர் பக்கம் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டேங்கில் குமிழி இல்லை. ஆயில் வாயில் லேசான மூச்சு மட்டும். ஓடிய இன்ஜினில் அந்த அளவு இருக்கத்தான் செய்யும் என்றார் அண்ணன். மேலே புகைக் குழாய் அருகே நின்ற இளைஞர் கத்தினார், "இங்க வருதுண்ணே!"

உரிமையாளரின் மனைவி மெதுவாகக் கேட்டார். "முழுசா பிரிக்கணுமாண்ணே?"

"வேணாம்மா. கீழ எல்லாம் நல்லா இருக்கு. ஹெட்டை மட்டும் இறக்குனா போதும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீ வாங்கப் போனார்.

முறுக்கைக் கடித்ததுபோல் ஒரு வால்வு

அன்று மாலை ஹெட் இறங்கியது. நான்காவது எக்ஸாஸ்ட் வால்வை வெளியே எடுத்தபோது, அதன் ஓரத்தில் யாரோ முறுக்கைக் கடித்ததுபோல ஒரு பள்ளம். அதன் வழியாகத்தான் இத்தனை நாள் சிலிண்டரின் உயிர் போய்க்கொண்டிருந்தது. இழுவை குறைந்ததும், மற்ற ஐந்து சிலிண்டர்கள் அந்தச் சுமையையும் சேர்த்து இழுத்துக் கரும்புகை கக்கியதும், இந்தப் பள்ளத்தால்தான்.

அந்த வால்வை மாற்றி, சீட்டை வெட்டிச் சீராக்கி, மற்ற வால்வுகளையும் கிரைண்டிங் பேஸ்ட் தடவித் தேய்த்தார்கள். குச்சியின் முனையில் வால்வை ஒட்டவைத்து, மத்துக் கடைவதுபோல இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிற வேலை. தேய்த்து முடித்ததும் வால்விலும் சீட்டிலும் உடையாத ஒரு சாம்பல் வளையம் தெரிய வேண்டும். பேஸ்ட்டைத் துளியும் மிச்சமில்லாமல் கழுவியபின் கடைசித் தேர்வு. வால்வையும் ஸ்பிரிங்கையும் மாட்டி, அதன் மேல் வழியில் டீசலை ஊற்றிவிட்டு ஒரு டீ குடித்து வருவார்கள். அடியில் ஈரம் கசியாவிட்டால் பாஸ்.

கூட்டினால் ஏழு!

நான்கு நாள் கழித்து மறுபடி போனேன். புது கேஸ்கட்டோடு ஹெட் ஏறியிருந்தது. டார்க் ரென்ச் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கையேட்டின் வரிசைப்படி போல்ட்டுகளை இறுக்கியிருந்தார்கள். இப்போது 12 வால்வுக்கும் இடைவெளி வைக்கும் வேலை.

இதற்கு அண்ணன் சொல்லித்தந்த கணக்கு அழகானது. வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள இன்ஜினில் 1-ம் 6-ம், 2-ம் 5-ம், 3-ம் 4-ம் ஜோடி. எதைக் கூட்டினாலும் 7. ஜோடியில் இரு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். 6-வது சிலிண்டரில் ஒரு வால்வு மூடி முடிக்கும்போதே அடுத்தது திறக்கத் தொடங்கும். இரண்டும் தராசுபோல ஆடும் அந்த நொடியில், 1-வதின் இரண்டு வால்வுகளும் முழுக்க மூடியிருக்கும். அப்போது 1-வதுக்கு அளவு வைக்க வேண்டும். 4 ஆடும்போது 3-க்கு, 3 ஆடும்போது 4-க்கு.

கேஜ் இதழ் லேசான பிடிப்போடு நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கியபின் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். அண்ணன் 12 இடத்திலும் அப்படிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஓடியபின் கையேடு சொல்லும்படி மறுபடியும் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

61 நாள் நின்ற இன்ஜினை எப்படி எழுப்புவது?

தடைக்காலம் முடியும்போது பலர் செய்யும் தவற்றையும் அண்ணன் சொன்னார். இரண்டு மாதம் ஓடாமல் நின்ற இன்ஜினை நேராக ஸ்டார்ட்டரில் அடிப்பது! இன்ஜின் நின்றபோது ஏதாவது ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடி இருந்திருக்கும். புகைக் குழாய் வழியாக மழையோ கடற்காற்றின் உப்பு ஈரமோ இறங்கினால், அந்த வால்வின் தண்டு துருப்பிடித்து சிக்கிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் முழு வேகத்தில் சுற்றும்போது, அசைய மறுக்கும் வால்வைத் தள்ள முடியாமல் புஷ் ராடு வளையும். திறந்தே சிக்கிய வால்வைப் பிஸ்டன் வந்து அடிக்கவும் கூடும்.

"நிறுத்தினதும் புகைக் குழாயை மூடி வைங்க. எழுப்புறதுக்கு முன்னாடி மேல் கவரைக் கழட்டி, கையால ரெண்டு சுத்து சுத்துங்க. 12 வால்வும் இறங்கி ஏறுதான்னு கண்ணால பாருங்க. அப்புறம்தான் சாவி. மூடின குழாயைத் திறக்க மட்டும் மறந்துடாதீங்க!"

படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

* புதிதாக 'டிக்' சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். முதலில் ஆயில் அளவையும் அழுத்தத்தையும் பாருங்கள். பிறகு கேஜ் வைத்து இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள்.
* அளவு சரியாக வைத்தும் அதே இடத்தில் இடைவெளி சீக்கிரமே கூடினால், லாக் நட்டு, புஷ் ராடு, ராக்கர், கேம் இவற்றில் ஏதோ ஒன்று தேய்கிறது. திருகித் திருகி மறைக்காதீர்கள்.
* இடைவெளி தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் வால்வும் சீட்டும் தேய்கின்றன. ஹெட்டை இறக்கும் வேலையைத் தடைக்காலத்துக்குத் திட்டமிடுங்கள்.
* ராக்கர் நுனியில் பள்ளம் விழுந்திருந்தால் கேஜ் பொய் சொல்லும். இதழ் பள்ளத்தின் மேல் பாலம்போல நிற்கும். அடியில் இருக்கும் இடைவெளி கணக்கில் வராது.
* ஃபைபர் படகுகளில் உள்ள சின்ன டீசல் இன்ஜினுக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கும் வால்வு உண்டு. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் இந்த வகை வால்வுகள் கிடையாது. அதில் 'டேப்பெட் சத்தம்' என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.
* நடுக்கடலில் இன்ஜின் நின்றால், ஆழம் அனுமதித்தால் நங்கூரம் போட்டு அலைந்து போவதைத் தடுங்கள். வி.ஹெச்.எஃப் ரேடியோவில் சேனல் 16-ல் அழையுங்கள். சிக்னல் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554.

"சத்தம் வருதேண்ணே!"

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார்கள். முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணன் மறுபடி நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நான்காவதைத் தளர்த்தியபோது இன்ஜின் சத்தம் இறங்கியது. ஆறு பேரும் ஒன்றாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உரிமையாளர் காதைத் தீட்டிக் கேட்டார். முகம் லேசாக மாறியது. "அண்ணே... டிக் டிக்னு லேசா சத்தம் வருதே?"

"வரட்டும். அது இருக்கேன்னு சொல்லுது."

அவர் மனைவி கணக்கு நோட்டை எடுத்து, ஒரு புதுப் பக்கத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எண் போட்டார். அண்ணன் ஒவ்வொரு வால்வின் இடைவெளியாகச் சொல்லச் சொல்ல, எதிரே எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்ததும் தேதியைப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தார்: 'சத்தம் லேசாக வரும். டைட் பண்ணக் கூடாது.'